கட்டட அனுமதிக் கட்டணம்: உள்ளாட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டட அனுமதிக்கு வாங்கும் பணம் வரி அல்ல. வரைபடத்தைச் சரிபார்ப்பது, அஸ்திவாரத்திலிருந்து நேரில் போய்ப் பார்ப்பது, கடைசியில் நிறைவுச் சான்று கொடுப்பது என்று செய்யப்போகும் வேலைக்கான செலவு அது. இதை மறந்து கட்டணம் நிர்ணயித்தால் குழப்பம்தான்.

பக்கத்து நகராட்சியின் கட்டணப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு தவறு. அங்குள்ள சம்பளமும் ஆய்வு முறையும் வேறு. சொந்தமாகக் கணக்கு போடும்போதும் சம்பளத்தோடு நின்றுவிடக் கூடாது. ஓய்வூதியப் பங்கு, வாகனம், மென்பொருள் எல்லாம் சேர வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 2,080. விடுப்பு, பயிற்சி, கூட்டங்களைக் கழிக்காமல் மொத்தச் செலவை 2,080-ஆல் வகுத்தால் மணிக்கட்டணம் குறைந்துபோகும், பற்றாக்குறை வரி கட்டும் எல்லோர் மேலும் விழும்.

கட்டுமான மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வைப்பது எளிது. ஆனால் விலை உயர்ந்த தரைக்கல் பதித்தால் ஆய்வாளரின் வேலை கூடிவிடாது.

இதைவிடக் கவலை தருவது வந்த பணத்தைக் கையாளும் விதம். கட்டணத்தில் பெரும்பகுதி அனுமதி தருவதற்குள்ளேயே வந்துவிடும். வேலையோ ஓரிரு ஆண்டுகள் நீளலாம். அந்தப் பணத்தைப் பொது நிதியில் போட்டு உடனே செலவழித்துவிட்டால், கட்டுமானம் மந்தமாகும் ஆண்டில் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. பாதி எழும்பிய வீடுகள் ஆய்வுக்குக் காத்துக் கிடக்கும். அதனால் தனிக் கணக்கு அவசியம். அதில் பணம் அளவுக்கு மீறிக் குவிவதும் தவறுதான். கட்டணம் அதிகம் என்பதற்கு அது அடையாளம். ஃபுளோரிடா மாநிலச் சட்டம் மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வரம்பு வைத்திருக்கிறது: முந்தைய 4 ஆண்டுகளின் சராசரி இயக்கச் செலவு. நல்ல ஏற்பாடு.

சாலை, குடிநீர் வசதிகளுக்கான மேம்பாட்டுக் கட்டணம் முற்றிலும் வேறு; இதோடு கலக்கவே கூடாது. கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுண்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) ஒரு வீட்டுக்கு 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் விதித்த வழக்கில், சட்டமியற்றி விதித்தது என்பதால் மட்டும், கட்டணம் அந்தக் கட்டுமானத்தின் பாதிப்போடு தொடர்புடையதா, அதற்கு ஏற்ற அளவா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சோதனையிலிருந்து விலக்கு கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது.

அப்புறம், ஒவ்வொரு அனுமதிக்கும் செலவான நேரத்தை ஊழியர்கள் குறித்து வைக்காவிட்டால் இதில் எதையும் சரிபார்க்க வழியில்லை. எளியவர்களின் வீட்டுக்குச் சலுகை தரலாம், தரத்தான் வேண்டும். குறைத்த தொகையைப் பொது நிதியிலிருந்து அந்தத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அடுத்த விண்ணப்பதாரர் தலையில் கட்டாதீர்கள்.