பைக்குக்கு ஆயில் வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சேலத்திலிருந்து தர்மபுரி வரும்போது, தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். பிளேட் தேய்ந்திருக்கலாம், கேபிள் இறுகியிருக்கலாம். ஆயில் மாற்றியதும் தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் ஆயில்தான். ஸ்பிளெண்டர், பல்சர், கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. காருக்கு மைலேஜ் தரும் அதே சரக்கு இங்கே பிளேட்டை வழுக்க வைக்கும்.

முதலில் மேனுவலைப் பார்த்து ஆயிலின் கிரேடை, அதாவது கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்" என்று கடையில் சொன்னாலும் கிரேடை மாற்ற வேண்டாம்.

அடுத்தது டப்பாவின் பின்பக்கம். ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) என்ற சிறு கட்டத்துக்குள் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். எம்ஏ2-வில் பிளேட்டின் பிடிப்பு அதிகம். மேனுவல் அதைக் கேட்டால் அதையே வாங்குங்கள். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. வீட்டில் ஆக்டிவாவும் பைக்கும் இருந்தால் இங்கேதான் குழப்பம் வரும்: எம்ஏ ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

ஏபிஐ (அமெரிக்கத் தரக்குறி) வட்ட முத்திரையின் அடிப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றிருந்தால் அது எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் ஆயில், டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். டிராக்டருக்கு வாங்கி மிஞ்சிய டீசல் ஆயிலுக்கும் இதே சோதனைதான். ஜாசோ கட்டம் இல்லையா, பைக்குக்கு வேண்டாம். ஃபுல் சிந்தெடிக் போட்டாலே கிளட்ச் போய்விடும் என்பது வெறும் பேச்சு. எம்ஏ குறி இருந்தால் தாராளமாக ஊற்றலாம்.

அளவு: மேனுவலில் ஆயில் மாற்றும்போது ஒன்று, இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சிறிய எண். ஊற்றியபின் மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சமதளத்தில் மெயின் ஸ்டாண்ட் போட்டு அளவு பாருங்கள். ஸ்பிளெண்டரில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையைத் திருகாமல் வைத்தெடுக்க வேண்டும். திருகினால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

தவறான ஆயில் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதா? சூடாக இருக்கும்போதே வடித்து, சரியான ஆயில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பழையதில் கொஞ்சம் உள்ளேயே தங்கும் என்பதால் சீக்கிரமே இன்னொரு தடவை மாற்ற வேண்டிவரலாம். அதற்குப் பிறகும் வழுக்கினால் கிளட்ச் லீவரில் மேனுவல் சொல்லும் அளவு தளர்வு (ஸ்பிளெண்டரில் 10 முதல் 20 மி.மீ.) இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம் கிளட்ச் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். பிளேட் தேய்ந்தோ கருகியோ இருந்தால் செட்டாக மாற்ற வேண்டியதுதான்.