வீட்டுக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது எப்படி?

ஐப்பசி மழை ஓய்ந்ததும் எங்கள் வீட்டு உறைக்கிணற்றில் தண்ணீர் நன்றாக மேலேறிவிட்டது. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து, இரண்டு கை அள்ளி அப்படியே உள்ளே வீசினேன். மறுநாள் குளித்தபோது கண் எரிந்தது. தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ மிதந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சுண்ணாம்பையும் சேர்த்தா கொட்டுன?" என்றார். அவர் சொல்லித் தந்ததும் அப்புறம் நானாகப் படித்ததும்தான் கீழே இருப்பது.

முதலில் கலங்கல் போக வேண்டும்

பிளீச்சிங் பவுடரில் கிருமியைக் கொல்வது குளோரின்தான். அதற்குக் கிருமி, சேறு என்ற பேதமெல்லாம் தெரியாது. அழுகிய இலை, இரும்பு, சாக்கடையிலிருந்து வரும் அம்மோனியா என்று எது எதிர்ப்பட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அது போக மிஞ்சுவதுதான் கிருமியைக் கவனிக்கும். ஆகவே தண்ணீர் கலங்கலாக இருந்தால் இரண்டு நாள் தெளிய விடுங்கள். வெள்ளமோ சாக்கடையோ உள்ளே இறங்கியிருந்தால் மோட்டார் போட்டு இறைத்துவிடுவதே நல்லது. ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். சுற்றியுள்ள ஈரமண் அழுத்தி உறை சரியக்கூடும். கிணற்றுக்குள் யாரும் இறங்கவே வேண்டாம். அடியில் விஷவாயு தேங்கியிருந்தால் உயிர் போய்விடும்.

துணியில் வடிகட்டுவதைச் சிலர் கேலி செய்வார்கள். வங்கதேசத்தில் மத்லப் என்ற ஊர்ப்பக்கம் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் ஆய்வு முடிவு வெளியானது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் மிகச் சிறிய பூச்சி போன்ற உயிரினங்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சேலையில் சிக்கிவிடுகின்றன. பழைய சேலைதான் நன்றாக வேலை செய்யும். துவைத்துத் துவைத்து நூல் விரிந்து அதன் கண்கள் சிறுத்திருக்கும். ஆனாலும் பாதிதான் குறைந்தது. மீதிக்குக் குளோரின் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பவுடர்

கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி (எல்லாம் அடிக்கணக்கில்), கடைசியில் 22-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். எங்கள் உறையின் விட்டம் 4 அடி, தண்ணீரின் ஆழம் 10 அடி: 4 × 4 × 10 × 22 = 3,520 லிட்டர்.

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது வழக்கமான கணக்கு. நல்ல பவுடர் என்றால் அதில் 33 சதவீதம் குளோரின் கிடைக்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது சுமார் 9 கிராம். நான் அள்ளி வீசியது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

கரைப்பது

சாயங்காலம், எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு செய்யுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில், பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். அப்புறம் முக்கால் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடிமண்டியைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும், அதைத் தள்ளி ஒரு குழியில் கொட்டிவிடுங்கள்.

தெளிந்த வாளியைக் கயிற்றில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை இழுத்துக் கலக்குங்கள். மேலாக ஊற்றிவிட்டுப் போனால் அடித்தண்ணீருக்கு மருந்து போய்ச் சேராது.

ஒரு மணி நேரம்

குளோரின் தண்ணீரில் சேர்ந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு என்பதால் கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, அதன் நொதிகளைக் கெடுக்கிறது. இது நொடியில் முடிகிற காரியம் இல்லை. குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் வாளி போடக் கூடாது. நான் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன்.

சோதிக்காவிட்டால் பாதி வேலைதான்

சரியாகப் போட்டோமா என்பதை மஞ்சள் நிறம் சொல்லிவிடும். குளோரோஸ்கோப் என்று சின்னப் பெட்டி கிடைக்கும், ஆபரேட்டரிடமும் இருக்கும். அதிலுள்ள சின்னச் சோதனைக் குழாயில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தை உடனே ஒப்பிட்டுப் பாருங்கள். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், அந்த மருந்து நல்லதல்ல. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வைரஸுக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் குறைந்தது 0.5 வேண்டும். எப்படியானாலும் 1-ஐத் தாண்டக் கூடாது. நிறமே வரவில்லையா? கிணறு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அதே அளவு மறுபடி கரைத்து ஊற்றி, மறுபடி ஒரு மணி நேரம். நிறம் தூக்கலாக இருந்தால் ஒரு நாள் வெயில் படட்டும், குறைந்துவிடும்.

குடிக்க மட்டும் நான் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறேன். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது, கொதிநீரில் செத்துவிடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஊட்டிக்காரர்கள் மூன்று நிமிடம் விடுங்கள், அந்த உயரத்தில் 100 டிகிரி எட்டுவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். ஆனால் ஒன்று, கொதித்த தண்ணீரில் காவலுக்குக் குளோரின் மிஞ்சாது. பானைக்குள் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் கிருமி திரும்பவும் வந்துவிடும். குழாய் வைத்த பானை நல்லது.

மிச்சப் பவுடரைக் காற்றுப்புகாமல் மூடி, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எப்படி வைத்தாலும் நாளாக ஆக வீரியம் குறையத்தான் செய்யும். ஒரு தடவைக்கு 9 கிராம் தேவைப்படுகிற கிணற்றுக்கு ஒரு கிலோ வாங்கியது என் தப்பு. நீங்கள் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.