ஃபைல் பெயர்களைக் கையால் எழுதாதீர்கள்

மதுரை சிம்மக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர், 300 கல்யாணப் பத்திரிகை ஃபைல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. விண்டோஸில் இதற்கு ஒரே வரி போதும்.

அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சி, எம், டி (cmd) என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் டி, ஐ, ஆர், ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதை ஒட்டி பி. மறுபடி இடைவெளி விட்டு, கணக்கில் வருகிற 'விடப் பெரியது' குறி, பிறகு லிஸ்ட் டாட் டிஎக்ஸ்டி (dir /b > list.txt). என்டர்.

திரையில் ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். அதே ஃபோல்டரில் லிஸ்ட் ஃபைல் உட்கார்ந்திருக்கும். திறந்தால் பெயர்கள் வரிசையாக இருக்கும், அப்படியே எக்ஸெல்லில் ஒட்டலாம். அந்தக் கோட்டையும் பி-யையும் விட்டால் தேதி, அளவு எல்லாம் கலந்து வந்துவிடும்.

கவனம்: அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால், கேட்காமலே அதை அழித்து எழுதிவிடும். அதனால் நான் பெயரோடு தேதியையும் சேர்த்துவிடுவேன்.

அப்புறம், தமிழில் வைத்த பெயர்கள் கேள்விக்குறியாக வந்தால், முதலில் சி, எச், சி, பி, இடைவெளி, 65001 (chcp 65001) என அடித்து என்டர் தட்டிவிட்டு, அதே வரியை மறுபடி கொடுங்கள்.