மெல்லிய லேப்டாப்பா, கேமிங் லேப்டாப்பா? விலையைப் பார்க்கும் முன் வாட் கணக்கைப் பாருங்கள்

ஜனவரியில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் லேப்டாப் பேச்சு தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் திறக்கச் சில வாரங்களே இருக்கும். பெற்றோர் எடை குறைந்த, மெல்லிய லேப்டாப்பைக் காட்டுவார்கள். பிள்ளைகள் கீபோர்டில் வண்ண விளக்கு எரியும் கேமிங் லேப்டாப்பைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் சில ஆயிரம் ரேண்ட்தான் வித்தியாசம் என்றால், "சக்தி அதிகமாக இருப்பதையே வாங்கிவிடலாம்" என்று பேச்சு முடிந்துவிடும்.

அப்படி அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் சொல்லும் ரேம் (வேலை நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்), திரை அளவு எல்லாம் தேவைதான். ஆனால் இந்த இரண்டு வகையையும் உண்மையில் பிரிப்பது ஒரே ஒரு அளவு: வாட். எத்தனை வாட் மின்சாரம் குடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் வேகம், சூடு, சத்தம், எடை, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். மின்வெட்டோடு வாழப் பழகிய நம் ஊரில் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். கணினி பற்றி எதுவும் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வகையில் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: என்னென்ன மென்பொருள் ஓட வேண்டும் என்று எழுதுங்கள்

"படிப்புக்கு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒரு தாளில் மென்பொருள்களின் பெயர்களை எழுதுங்கள். சேரப்போகும் துறையில் கேட்டால் பட்டியல் தருவார்கள்.

வேர்ட், எக்செல், பிரவுசர், டீம்ஸ் வகுப்பு, பைதான் பயிற்சி என்று பட்டியல் இருந்தால் மெல்லிய லேப்டாப் போதும். வணிகவியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி, கணினி அறிவியலின் முதல் ஆண்டுகள் பெரும்பாலும் இதில் அடங்கும். கணினி அறிவியல் என்றதும் கேமிங் லேப்டாப் வாங்கியாக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நிரல் எழுதத் தனி கிராஃபிக்ஸ் சிப் (திரையில் படங்களை உருவாக்கும் தனிச் சில்லு) வேண்டியதில்லை.

கட்டடக்கலைக்கு ரெவிட், இயந்திரப் பொறியியலுக்கு சாலிட்வொர்க்ஸ், முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், நீளமான 4கே வீடியோ எடிட்டிங் என்று எழுதியிருந்தால் தனி கிராஃபிக்ஸ் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். ரெவிட்டும் சாலிட்வொர்க்ஸும் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் வெட்கப்பட வேண்டாம். வேலரன்ட் போன்றவை தனி கிராஃபிக்ஸ் இல்லாமலே சுமாராக ஓடும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் ஓடாது.

படி 2: சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் வெளியீட்டு வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட்.

மெல்லிய லேப்டாப்களின் சார்ஜர் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட். கேமிங் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் 150 வாட்டில் தொடங்கி 240, அதற்கு மேலும் போகும். அந்தச் செங்கல் சார்ஜரும் நீங்கள் தூக்க வேண்டிய எடைதான். விளம்பரத்தில் 2.3 கிலோ என்று போட்டிருந்தால் சார்ஜரோடு சேர்த்து ஏறக்குறைய 3 கிலோ. பல மெல்லிய லேப்டாப்கள் சார்ஜரோடு சேர்ந்தும் 1.7 கிலோவுக்குள் அடங்கிவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து டாக்ஸி மாறி மாறி வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் போகும் பிள்ளையின் தோளில் இந்த வித்தியாசம் தெரியும். சாதாரணப் பையில், பாடப்புத்தகங்களுக்கு நடுவில் வெளியே தெரியாமல் வைக்க முடிவதும் நம் ஊரில் சிறிய விஷயம் இல்லை.

அடுத்து பேட்டரி. அதன் அளவு வாட்-மணி என்ற கணக்கில் இருக்கும். விவரப் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். அதை, லேப்டாப் சராசரியாகக் குடிக்கும் வாட்டால் வகுத்தால் நேரம் வந்துவிடும். 50 வாட்-மணி பேட்டரியுள்ள மெல்லிய லேப்டாப், எழுத்து வேலையில் 7 வாட் அளவுக்குக் குடித்தால் சுமார் 7 மணி நேரம். 60 வாட்-மணி பேட்டரியுள்ள கேமிங் லேப்டாப் அதே வேலைக்கு 15 வாட் குடித்தால் 4 மணி நேரம். பேட்டரி பெரியது, நேரம் குறைவு.

விளையாடும்போது கணக்கே வேறு. கேமிங் லேப்டாப் 150 வாட்டுக்கு மேல் கேட்கும். அவ்வளவு மின்சாரத்தை பேட்டரியால் தர முடியாது என்பதால் சார்ஜரைப் பிடுங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் சுவர் மின்சாரம் இருக்கும்போது மட்டுமே உங்களுடையது.

படி 3: விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

2023 லோட் ஷெடிங்கின் (முறை வைத்து மின்சாரத்தை வெட்டுவதன்) மிக மோசமான ஆண்டு. ஸ்டேஜ் 6 என்றால் 6,000 மெகாவாட்டை வெட்டுகிறார்கள் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும் நிலை வந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 2025 ஜனவரி கடைசியில் மறுபடி வெட்டினார்கள். இனி வராது என்று நம்பி மூன்று, நான்கு ஆண்டுக்கு வேண்டிய பொருளை வாங்கக் கூடாது. லோட் ஷெடிங் இல்லாத நாளிலும் கேபிள் திருட்டும் புயல் மழையும் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வீடுகள் இருட்டில் கிடந்தன என்று நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி வைத்த இன்வர்ட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரளவில் 1,200 வாட்-மணி. பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் 600. கேமிங் லேப்டாப் சுவரிலிருந்து 180 வாட் எடுத்தால் மூன்று மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு வீட்டில் விளக்குக்கும் மின்சாரம் இராது. மெல்லிய லேப்டாப் 20 வாட் எடுத்தால், இன்வர்ட்டர் தானே விழுங்கும் மின்சாரத்தைச் சேர்த்தாலும், 10 மணி நேரத்தைத் தாண்டும்.

மெல்லிய லேப்டாப்புக்கு இன்வர்ட்டர்கூடத் தேவையில்லை. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகையாக இருந்தால், 65 வாட் தரக்கூடிய 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று அதை ஏறக்குறைய ஒரு முறை முழுதாக நிரப்பும். ஃபைபர் ரூட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் வைத்துவிட்டால், தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் வகுப்பு நடக்கும். அதனால் கடையில் இதை மறக்காமல் கேளுங்கள்: "யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா?" ஓட்டை இருப்பது மட்டும் போதாது, சில மாடல்களில் அது தரவுக்கு மட்டுமே. கேமிங் லேப்டாப்பிலும் கேளுங்கள். சிலவற்றில் 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போட்டு எழுத்து வேலை செய்யலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

படி 4: செயலியின் (பிராசசரின்) பெயரைப் படியுங்கள்

இன்டெல் நிறுவனத்தின் ஐ5, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 என்ற பெரிய எழுத்தை நம்பாதீர்கள். பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் விஷயம். இன்டெலின் ஐ வரிசையில் யு என்று முடிந்தால் அடிப்படை பெரும்பாலும் 15 வாட், எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. முதலாவது மெல்லியவற்றில் வரும், மற்ற இரண்டும் கேமிங் வகையில்.

ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யு என்றால் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர்கள் (செயலிக்குள் வேலை செய்யும் பகுதிகள்). 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர்கள். 7640யு என்றால் ஜென் 4. கடையின் அட்டையில் மூன்றுக்கும் "ரைசன் 5, 7000 வரிசை" என்று ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். 7520யு-வை 7530யு விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

மிக மலிவானவற்றில் இன்டெல் என்100 இருக்கும். நான்கு சிறிய கோர்கள், 6 வாட். பாட்டி யூடியூப் பார்க்கவும் வாட்ஸாப் பேசவும் நன்றாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வேண்டாம்.

படி 5: கேமிங் லேப்டாப் என்றால், கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட்?

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற அதே கிராஃபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். ஒரே அளவுக் குழாய்தான், ஒரு வீட்டில் பாதி திறந்திருக்கிறது, இன்னொரு வீட்டில் முழுதாகத் திறந்திருக்கிறது. பெட்டியில் சிப்பின் பெயர் மட்டும் இருக்கும். வாட்டைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் டிஜிபி என்ற பெயரில் தேடுங்கள். இரண்டு லேப்டாப் ஒரே விலை, ஒரே சிப் என்றால் வாட் அதிகமானதை எடுங்கள். ஏனென்றால் எடையையும் சத்தத்தையும் எப்படியும் நீங்கள் சுமக்கத்தான் போகிறீர்கள்.

கிராஃபிக்ஸின் சொந்த நினைவகத்தையும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 2050-இல் 4 ஜிபி. 3050-இல் 4 ஜிபி வகையும் உண்டு, 6 ஜிபி வகையும் உண்டு. 4050-இல் 6, 4060-இல் 8. இன்று புதிதாக வாங்குபவர் 4 ஜிபியில் நிற்க வேண்டாம். 8 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 2050-உம் மங்கிய திரையும் கொண்ட "மலிவு கேமிங்" லேப்டாப்பைவிட, அதே பணத்தில் 16 ஜிபி ரேமும் நல்ல திரையும் உள்ள மெல்லிய லேப்டாப் எவ்வளவோ மேல்.

படி 6: ரேம், சேமிப்பு, திரை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெல்லியவை பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. அதனால் வாங்கும்போதே 16 ஜிபி வாங்குங்கள். கேமிங் வகையில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இருக்கும். பணம் இடித்தால் 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு இன்னொரு 8 போடலாம். சேமிப்புக்கு 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி வேண்டும். இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பு) என்று எழுதியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

திரையில் 1920×1080, ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் வகை), 300 நிட்ஸ் (வெளிச்ச அளவு). மலிவு மாடல்கள் 250 நிட்ஸில் நிற்கும். ஜன்னல் ஓரத்தில் நம் ஊர் வெயிலில் எழுத்துத் தெரியாது. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை) முக்கியமாக விளையாட்டுக்குத்தான் பயன்படும். அப்படிப்பட்ட திரை இருந்தால் பேட்டரியில் ஓடும்போது 60-க்குக் குறைத்துவிடுங்கள்.

படி 7: கடையில் பத்து நிமிடம்

காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் செயலியின் முழுப் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, கிராஃபிக்ஸின் பெயர் எல்லாம் தெரியும். அட்டையில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். விற்பவர் தடுக்க மாட்டார். தடுத்தால் வேறு கடைக்குப் போகலாம்.

பிறகு மூடியை ஒரு விரலால் திறந்து பாருங்கள், கீபோர்டின் நடுவில் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் யோசியுங்கள். சார்ஜரோடு சேர்த்துக் கையில் தூக்கச் சொல்லுங்கள், வாங்கிக் கொடுப்பவரை அல்ல, தினமும் சுமக்கப்போகிறவரை.

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், சுவரில் செருகும் கேபிளை மட்டும் இங்கே மாற்றினால் போதும். ஆனால் உத்தரவாதம் இந்தியாவுக்கு மட்டுமா, உலகம் முழுதுமா என்று எழுத்தில் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

படி 8: பணம் கொடுத்த பிறகு

இணையத்தில் வாங்கினால், 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. அதனால் வந்த அன்றே சோதியுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியிலேயே வைக்காதீர்கள். முதல் நாள் பேட்டரியில் மட்டும் ஓட்டி நேரத்தைக் குறித்துப் படி 2-இல் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கேமிங் லேப்டாப் என்றால் ஒரு மணி நேரம் தொடர்ந்து விளையாடவிட்டு, வேகம் இடையில் விழுகிறதா என்று கவனியுங்கள்.

கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் உங்கள் பக்கம் நிற்கிறது. அந்தக் காலத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. பழுது பார்த்த 3 மாதத்துக்குள் அதே குறை மறுபடி வந்தால் மாற்றியோ பணமாகவோ தந்தாக வேண்டும். "பழுதுதான் பார்ப்போம், அதுதான் எங்கள் கடை வழக்கம்" என்று கவுன்ட்டரில் சொன்னால், 56-ஆம் பிரிவு என்று அமைதியாகச் சொல்லி மேலாளரைப் பார்க்கக் கேளுங்கள். ரசீதை அன்றே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து 6 மாதத்துக்குள்ளேயே மறைந்துவிடலாம்.