எலுமிச்சை சொறி நோய்: எந்த ஸ்ட்ரெய்ன்னு பி.சி.ஆர்.ல பாக்குறது எப்படி?

1984-ல ஃப்ளோரிடா நர்சரிகள்ல ஒரு இலைப்புள்ளி வந்துச்சு. அதையும் சிட்ரஸ் கேன்கர் (நம்ம ஊர்ல சொறி நோய்) கணக்குல சேத்து, சுமார் 2 கோடி கன்னுங்கள அழிச்சாங்க, பின்னாடிதான் தெரிஞ்சுது அது கேன்கரே இல்ல, அந்தளவுக்கு ஆபத்தில்லாத வேற பாக்டீரியான்னு. ஸ்ட்ரெய்ன் (பாக்டீரியாவோட உள்வகை) பாக்குறது ஏன் முக்கியம்னு இதுக்கு மேல சொல்ல வேணாம்.

கேன்கர் ஸ்ட்ரெய்ன்கள்ல யாரு யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ‘ஏ’ ஆசியாக்காரன், கிரேப்ஃப்ரூட்ல இருந்து எலுமிச்சை வரைக்கும் எதையும் விடமாட்டான். ‘பி’ அர்ஜென்டினா பக்கம், ‘சி’ பிரேசில். ‘ஏ-டபிள்யூ’ ஃப்ளோரிடாவுல பாம் பீச் பக்கம் சிக்குனது, பெரும்பாலும் கீ லைம்ல மட்டும்தான் வரும். கீ லைம்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு எலுமிச்சம்பழம்தான்.

ஸ்டெப் 1: மஞ்சள் வளையத்தோட சொரசொரன்னு மேல எழும்பி இருக்குற புதுப் புண்ணா பாத்து எடுங்க, காஞ்சு போனது வேணாம். இலைய கவர்ல போட்டு நல்லா சீல் பண்ணிதான் லேபுக்கு கொண்டு போகணும், திறந்து வச்சுட்டு தோட்டத்துல நடக்காதீங்க.

ஸ்டெப் 2: புண்ணோட ஓரத்த ஸ்டெரைல் தண்ணில பொடியா நறுக்கி கொஞ்ச நேரம் ஊற விட்டு, நியூட்ரியன்ட் அகார்ல (பாக்டீரியா வளர்க்குற கூழ்) கோடு போட்டு 28 டிகிரில வைங்க. மூணு நாலு நாள்ல தேன் சொட்டு மாதிரி மஞ்சளா வழவழன்னு காலனி வரும். தனியா நிக்கிற ஒரு காலனிய எடுத்து தண்ணில கலக்கி கொதிக்க வச்சு சென்ட்ரிஃபியூஜ் பண்ணா மேல நிக்கிற தண்ணியே போதும், அதுல டி.என்.ஏ இருக்கும்.

ஸ்டெப் 3: இப்ப பி.சி.ஆர்., அதாவது குறிப்பிட்ட டி.என்.ஏ துண்ட மட்டும் பல மடங்கா பெருக்குறது. இங்கதான் நிறைய பேர் ஒரே ப்ரைமர் செட்ட (எந்தத் துண்ட பெருக்கணும்னு காட்டுற குட்டி டி.என்.ஏ ஜோடி) போட்டு முடிச்சிடுறாங்க, அது பத்தாது, ரெண்டு செட் வேணும். 2002-ல கூபெரோ, கிரஹாம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த ஜே-பி.டி.எச். ப்ரைமர், இலை செல்ல வீங்க வைக்கிற பி.டி.எச்.ஏ ஜீன பிடிக்கும், 198 பேஸ் பேர்ல (டி.என்.ஏ நீளத்தோட அளவு) பேண்ட், அதாவது ஜெல்ல தெரியுற கோடு, வரும், கேன்கர் உண்டாக்குற எல்லா வகைக்கும் வரும். அவங்களோடதே ஜே-ஆர்.எக்ஸ். ப்ரைமர், 179-ல வரும், ஆனா ‘ஏ’க்கு மட்டும், ‘ஏ-டபிள்யூ’க்கு வராது. ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 19 பேஸ் பேர்ங்கிறதால ஒரே ட்யூப்ல சேத்து ஓட்டாதீங்க, ஜெல்ல பிரிச்சு பாக்க கண்ணு வலிச்சிடும். தனித்தனி ட்யூப், கெட்டியான அகரோஸ் ஜெல், பக்கத்துல 100 பேஸ் பேர் லேடர் (நீளம் தெரிஞ்ச டி.என்.ஏ அளவுகோல்). தெரிஞ்ச ‘ஏ’ டி.என்.ஏ ஒண்ணு, முடிஞ்சா ‘ஏ-டபிள்யூ’ ஒண்ணு, வெறும் தண்ணி ஒண்ணு கூடவே ஓட்டணும். தண்ணி லேன்ல பேண்ட் வந்துச்சுன்னா மொத்த ரிசல்ட்டையும் தூக்கிப் போட்டுட்டு புது மிக்ஸ் போடுங்க.

ஸ்டெப் 4, ரிசல்ட். ரெண்டுலயும் பேண்ட் வந்தா ‘ஏ’. முதல் செட்ல மட்டும் வந்தா ‘ஏ-டபிள்யூ’, ‘பி’, ‘சி’ எதுவா வேணா இருக்கலாம், அவசரப்பட்டு பேர் வைக்காதீங்க, ரெப்-பி.சி.ஆர். (டி.என்.ஏ-ல திரும்பத் திரும்ப வர்ற பகுதிகள வச்சு செய்யுற பி.சி.ஆர்.) போட்டு பேண்ட் வரிசைய தெரிஞ்ச ஸ்ட்ரெய்னோட ஒப்பிட்டு பாருங்க. ரெண்டுலயும் ஒண்ணுமே வரல, ஆனா பாசிட்டிவ் கன்ட்ரோல் (கூட ஓட்டுன தெரிஞ்ச ‘ஏ’ டி.என்.ஏ) ஒழுங்கா வந்திருக்குன்னா அந்த 1984 கேஸ் மாதிரி வேற புள்ளி நோயான்னு யோசிக்கணும்.

ஸ்டெப் 5: சந்தேகம் தீரலன்னா கிரேப்ஃப்ரூட் இலைல ஊசியில்லாத சிரிஞ்சால பாக்டீரியாவ ஏத்தி பாருங்க. ‘ஏ’ன்னா இலை வீங்கி சொறி எழும்பும், ‘ஏ-டபிள்யூ’ன்னா ஏத்துன இடம் மட்டும் சீக்கிரமே செத்து காஞ்சு நிக்கும். இத குவாரன்டைன் வசதி இருக்குற கிரீன்ஹவுஸ்ல மட்டும்தான் செய்யணும், முடிஞ்சதும் இலை, பிளேட், சிரிஞ்சு எல்லாத்தையும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவில கிருமி நீக்கம்) பண்ணாம குப்பைக்கு அனுப்பவே கூடாது.