பைத்தானில் பெயரும் எண்ணும் எழுதும் முறை

பண்ருட்டி முந்திரி வாங்கிப் புதுச்சேரியில் விற்கும் கடையொன்றின் கணக்கைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிப் பழகுவதாகக் கொள்வோம். 2008ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் 3 முதல், மதிப்புகளைச் சேமித்துவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; முந்திரி_விலை = 900 என்பது பிழையற்ற நிரல் வரி.

பெயர் எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். இலக்கம் அதற்குப் பின்னரே வரலாம். இடைவெளி கூடாது. அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இட்டால், மொழி அதைக் கழித்தலாகப் படித்துப் பிழை காட்டும். இஃப் (if), ஃபார் (for) போன்ற, மொழி தனக்கென ஒதுக்கிவைத்துள்ள சிறப்புச்சொற்களை (3.12 பதிப்பில் இவை 35) ஆங்கில எழுத்தில் பெயராக வைக்க இயலாது. தமிழ்ப் பெயர்களுக்கு இந்த மோதலே இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற குழப்பமும் இல்லை.

தமிழில் எழுதுவோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் வேறு. 'தொகை' என்பதிலுள்ள ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யுனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறிப் பெயர்களில் இவ்வேறுபாட்டைப் பைத்தான் தானே சமன்செய்துகொள்கிறது. மேற்கோளுக்குள் உள்ள எழுத்துத் தொடர்களான சரங்களில் அவ்வாறு செய்வதில்லை என்பதால், வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டிய இரு 'தொகை'களை ஒப்பிட்டால் பொய் என்றே விடை வரக்கூடும். எனவே, தமிழ்ச் சொற்களைத் தேடுவதற்கு முன் பைத்தானுடன் வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிலுள்ள நார்மலைஸ் (normalize) செயற்கூறு வழியே அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது.

எண்களில், நம் வழக்கப்படி 1,25,000 என்று காற்புள்ளி இட்டால் அது ஓர் எண்ணாகாமல் மூன்று எண்களின் தொகுப்பாகிவிடும். பிழைச் செய்தியும் வராது என்பதால் இது மற்றவற்றினும் ஆபத்தானது. 1_25_000 என்று எழுதினால் 3.6 பதிப்பிலிருந்து ஏற்கப்படும். 0413 போலச் சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணும் பிழையே. ஆகவே புதுச்சேரியின் தொலைபேசிக் குறியீடான 0413ஐயும் கடலூரின் 04142ஐயும் மேற்கோளுக்குள் சரமாகவே வைக்க வேண்டும். அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதுமில்லை. தமிழ் இலக்கங்களான ௨௫ என்பதை நிரலில் எண்ணாக நேரடியாக எழுத இயலாது. சரமாகக் கொடுத்து இன்ட் (int) செயற்கூறால் மாற்றினால் 25 கிடைக்கும்.

வரியின் தொடக்கத்தில் இடம் விடும் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகள் இடுவது வழக்கம். டேப் விசையை அதனுடன் கலக்கக் கூடாது. சொற்செயலியிலிருந்து நிரலை ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகளும், கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல எழுத்துகளும் உடன்வரும். பிழைச் செய்தி 200சி (U+200C) போன்ற குறியீட்டைக் காட்டினால், அந்த வரியை அழித்துவிட்டு மீண்டும் தட்டுவதே விரைவான வழி.