போதை சிகிச்சைக்கு இடம் தேடும்போது கோட்டை விடும் இடங்கள்

போதை சிகிச்சைக்கு இடம் தேடி வரும் குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலை. 'திட்டாதீர்கள், பொறுமையாக இருங்கள்' என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

சேர்ப்பதற்கு முன் வீட்டிலேயே நிறுத்த வைப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். "அடுத்த வாரம் அட்மிஷன். அதுவரை ஒரு சொட்டு கொடுக்காமல் அறையில் பூட்டி வைத்திருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தைச் சமாளிக்கத் தன்னை முடுக்கி வைத்தே பழகியிருக்கும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் டெலிரியம் ட்ரெமென்ஸ்: இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இருக்கும் இடம் தெரியாது, இதயம் படபடக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

வீட்டில் ஒருவரை இப்படித் திடீரென்று நிறுத்த வைத்த ஒரு பெண் மூன்றாம் நாள் போன் செய்தார். "சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கிறார். நடிக்கிறாராக்கா?" நடிப்பில்லை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். பிழைத்தார்.

மருத்துவமனையில் அந்த முடுக்கத்தைத் தணிக்க டையசிபாம், லோராசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமினும் (வைட்டமின் பி1) கொடுப்பார்கள். தயமின் குறைபாடு முற்றினால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். வீட்டுப் பூட்டு இதில் எதையும் செய்யாது. அதனால் டாக்டரைப் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். மையத்தை விசாரிக்கும்போது அறை வசதியைக் கேட்பதற்கு முன், "ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிட்ஸ் வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். மழுப்பினால், முதல் கட்டத்தை மருத்துவமனையில் முடித்துவிட்டு அங்கே போகலாம்.

ஆள் தெளிந்ததும் கூட்டி வந்துவிடுவது

பத்து நாளில் முகம் தெளியும், சாப்பாடு இறங்கும். குணமாகிவிட்டதாகத் தோன்றும். உடம்பிலிருந்து போதை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்; சிகிச்சை இனிமேல்தான். ஹெராயின் போன்றவற்றில் இது இன்னும் ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டிருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் புப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற தொடர் மருந்துகள் இந்தச் சாவுகளைக் குறைக்கின்றன. 'அதுவும் ஒரு போதைதானே' என்று ஒதுக்கும் இடங்களுக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை.

தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பது

கூடாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து டைசல்ஃபிராம்; அது உடம்பில் இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழலாம்.

'நூறு சதவீத கேரண்டி'

குணமாக்கித் தருவதாக எந்த மையமாவது இப்படிச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

தனக்காகத் தேடுகிறவர்கள் அளவைக் குறைத்துச் சொல்வது

"ரெண்டு பெக்தான் டாக்டர்." வெட்கம் புரிகிறது. ஆனால் உங்களுக்கான மருந்தின் அளவை அந்தப் பதிலை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால், தூக்க மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால், அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.